கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்: மூன்று ரிப்பீட்டர்களை ராஸ்பெரி பையால் இணைப்பது எப்படி?

கும்பகோணத்தில் பொறியியல் படிக்கும் தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) குழுவிடம் பழைய மோட்டோரோலா ஜிஎம்300 ரேடியோக்கள் சில, இரண்டு ராஸ்பெரி பை 3 (கையளவுச் சிறு கணினி, இனி 'பை' என்பேன்), ஒரு யுஎஸ்பி சவுண்டு கார்டு இருக்கின்றன. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் மூன்று ஊரிலும் ஊருக்கொரு ரிப்பீட்டர் (ஒரு ரேடியோவில் கேட்டதை அதே நேரத்தில் இன்னொரு ரேடியோவால் திருப்பிச் சொல்லும் நிலையம்) வைக்க வேண்டும். ஓர் ஊரில் கைரேடியோவில் பேசினால் மற்ற இரண்டு ஊரிலும் கேட்க வேண்டும். மேசை மேல் வைத்து முயன்று பார்த்திருக்கிறார்கள். பேச்சின் முதல் சொல் அறுந்துபோகிறது, அடியில் 'உம்' என்று ஓர் இரைச்சல் ஓடுகிறது, சில நேரம் ரேடியோ தானாகவே டிரான்ஸ்மிட்டுக்குப் போய் அப்படியே நின்றுவிடுகிறது. "எந்த சாஃப்ட்வேர் போட்டால் சரியாகும்?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, இந்த மூன்று கோளாறில் எதற்கும் சாஃப்ட்வேரை மாற்றி விடிவு கிடைக்காது. மூன்றும் கம்பியில் இருக்கின்றன. அதைச் சொல்லும் முன், இந்த வேலையை எதற்காகச் செய்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். என்ன வாங்குவது, எதை எங்கே மாட்டுவது எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. செல்போன் கோபுரங்கள் பேட்டரியும் டீசலும் தீர்ந்து ஒவ்வொன்றாக அடங்கின. என் அக்கா வீடு எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று தெரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வழியெல்லாம் மரம் கிடந்ததால் வண்டியும் போகவில்லை. டெல்டாவில் யாராவது ரிப்பீட்டர் இணைப்பு என்று பேச்செடுத்தால் எனக்கு அந்த இரண்டு நாள்தான் ஞாபகம் வரும்.

அதனால் என் கணக்கு இது. இணையம் போனாலும் மூன்று ஊரும் பேச வேண்டும். ஊர்களுக்கு நடுவிலுள்ள இணைப்பு போனாலும் அந்தந்த ஊருக்குள் பேச வேண்டும். பை செத்துப்போனாலும் ரிப்பீட்டர் பேச வேண்டும். மூன்று பையையும் வீட்டு பிராட்பேண்டில் மாட்டி இணைத்தால் ஒரே நாளில் வேலை முடியும், நன்றாகவும் கேட்கும். ஆனால் வேண்டிய நாளில் அதுதான் முதலில் போகும். ஊர்களுக்கு நடுவே யுஎச்எஃப் ரேடியோ இணைப்பு, கும்பகோணத்தில் மட்டும் வெளியுலகுக்கு ஓர் இணைய வாசல் என்று அமையுங்கள்.

இனி கம்பிக்கு வருவோம். ரேடியோவுக்கும் பைக்கும் நடுவே ஓடுவது நாலே சேதி. ரேடியோ கேட்கும் ஒலி பைக்கு வர வேண்டும். பை தரும் ஒலி ரேடியோவுக்குப் போக வேண்டும். 'பேசு' என்று பை ரேடியோவுக்குச் சொல்ல வேண்டும், அது பிடிடி. 'எனக்கு சிக்னல் வந்திருக்கிறது' என்று ரேடியோ பைக்குச் சொல்ல வேண்டும், அது சிஓஎஸ். இவற்றுடன் பொதுவான கிரவுண்டு.

பை 3-இல் இருக்கும் ஹெட்போன் துளை வெளியே பேச மட்டும்தான், உள்ளே கேட்க வழியில்லை. அதனால்தான் யுஎஸ்பி சவுண்டு கார்டு. வாங்கும்போது சிஎம்108 அல்லது சிஎம்119 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த சிப்பில் ஒலியோடு சேர்த்து சில கட்டுப்பாட்டுக் கால்களும் உண்டு. சிஎம்108-இல் 13-ஆம் காலிலிருந்து பிடிடி எடுக்கலாம். 48-ஆம் கால், அதாவது ஒலியளவைக் குறைக்கும் பொத்தானுக்குரியது, சிஓஎஸ் உள்ளீடாகப் பயன்படும். ஆல்ஸ்டார்லிங்க் என்ற ரிப்பீட்டர் இணைப்பு மென்பொருள் இந்த இரண்டையும் நேராகப் புரிந்துகொள்ளும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. நுனி மெலிந்த சோல்டரிங் அயர்னும் பூதக்கண்ணாடியும் வைத்து, எனாமல் கம்பியில் ஓர் இழையை எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டியதும் அந்தக் கம்பி மேல் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். இல்லாவிட்டால் கம்பி லேசாக இழுபட்டாலும் காலோடு பிய்த்துக்கொண்டு வரும். கை நடுங்குகிறவர்கள் இந்தக் கால்களை வெளியே இழுத்து வைத்த ரெடிமேடு போர்டு வாங்கிக்கொள்வதே நல்லது. பெட்டியைத் திறந்தால் உள்ளே எண்ணே இல்லாமல் கறுப்புச் சொட்டு மட்டும் வைத்த கார்டுகள் இதற்கு ஆகாது.

ஜிஎம்300-இன் முதுகில் 16 பின் சாக்கெட் இருக்கிறது. 2 மைக் ஒலி, 3 பிடிடி, 5 தட்டையான டிரான்ஸ்மிட் ஒலி, 7 கிரவுண்டு, 11 ரிசீவ் ஒலி. 8-ஆம் பின்னை ப்ரோகிராமிங் மென்பொருளில் சிஓஎஸ் ஆக அமைத்துக்கொள்ளலாம். கேரியரும் (குரலைச் சுமக்கும் அலை) டோனும் (சிடிசிஎஸ்எஸ், குரலுக்கு அடியில் சாவிபோல அனுப்பும் தாழ்ந்த ஒலி) சேர்ந்து வந்தால் மட்டும் வேலை செய்யும்படி அமையுங்கள். 11-ஆம் பின்னில் வரும் ஒலி ஸ்க்வெல்ச்சுக்கு (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் கதவு) முந்தையதா பிந்தையதா என்பதை உள்ளே இருக்கும் ஜேயு551 ஜம்பர் முடிவு செய்யும். இவ்வளவுக்கும் முன்னால், ரேடியோவின் மாடல் எண்ணைப் பார்த்து அது எந்தப் பட்டைக்குரியது என்று உறுதி செய்யுங்கள். நமக்கு வேண்டியது ரிப்பீட்டருக்கு விஎச்எஃப் பட்டையில் 144 முதல் 146, ஊர் இணைப்புக்கு யுஎச்எஃப் பட்டையில் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். பழைய வணிக ரேடியோக்களில் பல 146-இல்தான் தொடங்கும். அவற்றில் 145-ஐ எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ரிசீவர் காது மந்தமாக இருக்கும்.

முதல் சொல் அறுபடுவதற்கு வருகிறேன். நீங்கள் சிஓஎஸ் கம்பியே போடவில்லை, குரல் வந்தால் திறக்கும் வாக்ஸ் முறையில் ஓட்டுகிறீர்கள் என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. வாக்ஸுக்குக் குரல் வந்த பிறகுதான் விழிப்பு வரும். அதற்குள் முதல் அசை போய்விடும். பேசுகிறவர் மூச்சுவிட நிறுத்தினால் மூடிக்கொள்ளும். இணைக்கப்பட்ட ரிப்பீட்டரில் வாக்ஸ் இதைவிடப் பெரிய தொல்லையும் தரும். ஒருவர் பேசி முடித்து விரலை எடுத்ததும் கடைசியில் 'கஷ்' என்று ஒரு துண்டு இரைச்சல் வரும் அல்லவா? இந்தப் பக்கத்து வாக்ஸ் அதைக் குரல் என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு அனுப்பும். அந்த ஊர் அனுப்பி முடித்ததும் அதன் வால் திரும்பி இங்கே வரும். இரண்டு ஊரும் யாருமே பேசாமல் மாறி மாறி 'கஷ்', 'கஷ்' என்று விடியும்வரை பந்து உருட்டிக்கொண்டிருக்கும். பேட்டரி காலியாகும், அவசரத்துக்கு யாரும் நடுவில் நுழையவும் முடியாது. எனவே சிஓஎஸ் கம்பி இல்லாமல் எந்த ரேடியோவையும் இணைப்பில் சேர்க்காதீர்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிஓஎஸ் போட்ட பிறகும் கொஞ்சம் அறுபடும். சிடிசிஎஸ்எஸ் டோனைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ரிசீவருக்கும் கிட்டத்தட்ட கால் விநாடி வேண்டும். கும்பகோணத்து ரிப்பீட்டர் ரிசீவர், மன்னார்குடி இணைப்பு ரிசீவர், திருவாரூர் இணைப்பு ரிசீவர், கடைசியில் கேட்பவரின் கைரேடியோ என்று நாலு இடத்தில் கால் கால் விநாடியாகச் சேர்ந்தால் ஒரு விநாடி. கேட்பவரின் கைரேடியோவில் டோன் தேடுவதை அணைத்துவிடுங்கள். அதில் ஒரு கால் விநாடி மிச்சம். மீதிக்குப் பழக்கம்தான் மருந்து. பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டுப் பிறகு பேசச் சொல்லிக்கொடுங்கள்.

டோன் தேர்விலும் ஒரு சங்கதி உண்டு. 100.0 ஹெர்ட்ஸ் டோனைத் தொடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயர் தாண்டி வரும் அலை 100. சுமாரான பவர் சப்ளை உள்ள இடத்தில் அந்த ஹம்மையே டோன் என்று நம்பி ரிசீவர் திறந்துகொள்ளும். 88.5 அல்லது 123.0 வைத்துக்கொள்ளுங்கள். டோனே வேண்டாம் என்றும் இருந்துவிடாதீர்கள். கோடை மாலைகளில் கடலோரத்தில் காற்றடுக்குகள் அலையை வளைத்து வெகுதூரத்துக்குக் கொண்டுபோகும். எங்கிருந்தோ வரும் சிக்னல் டோனில்லாத ரிப்பீட்டரைத் திறந்துவிட்டால், மூன்று ஊரும் சேர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரேடியோ தானாக டிரான்ஸ்மிட்டுக்குப் போவது இரண்டாவது கோளாறு. இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் சவுண்டு கார்டின் காலில் ஒட்டாமல், பையின் ஜிபிஐஓ 4 என்ற கட்டுப்பாட்டுப் பின்னிலிருந்து ஒரு ரெசிஸ்டர், ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வைத்து பிடிடி எடுத்திருந்தேன். மேசையில் அருமையாக வேலை செய்தது. கோபுரத்துக்கு ஏற்றிய பிறகு ஒரு மழை இரவில் மின்சாரம் வந்து வந்து போயிற்று. எஸ்டி கார்டு கெட்டு பை எழவே இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் ரேடியோவின் பின்பக்க அலுமினியத்தில் கை வைக்க முடியவில்லை. இரவு முழுக்க வெறும் கேரியரை விட்டுக்கொண்டிருந்து பவர் டிரான்சிஸ்டர் போய்விட்டது.

காரணம் எளிது. பைக்கு மின்சாரம் வந்து, சாஃப்ட்வேர் எழுந்து கட்டளை தரும்வரை அதன் பின்கள் சும்மா இருப்பதில்லை. 0 முதல் 8 வரையுள்ள ஜிபிஐஓக்கள் உள்ளேயுள்ள ரெசிஸ்டரால் மேலே இழுக்கப்பட்டிருக்கும். 9 முதல் 27 வரை கீழே இழுக்கப்பட்டிருக்கும். 4 மேலே இழுபட்ட நிலையில் டிரான்சிஸ்டருக்குக் கசியும் சிறு மின்னோட்டமே பிடிடியை அழுத்தப் போதும். பை எழுந்தால் விடும், எழாவிட்டால் விடாது. நீங்களும் ஜிபிஐஓவில் எடுத்திருந்தால் 17 போன்ற ஒன்றுக்கு மாற்றுங்கள். டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்றையும் போடுங்கள். ரேடியோ பக்கமிருந்து வரும் 5 வோல்ட்டை நேராகப் பையின் பின்னில் மாட்டவே கூடாது, அது 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் தொடாமலே பேசிக்கொள்ளும். இதெல்லாம் செய்த பிறகும், ரேடியோவின் சொந்த டைம்-அவுட் டைமரை 3 நிமிடத்துக்கு எழுதிவிடுங்கள். நான் அன்று அதை எழுதியிருந்தால் அந்த ரேடியோ பிழைத்திருக்கும்.

மூன்றாவது அந்த 'உம்'. ரேடியோவின் கிரவுண்டு ஒரு வழியாகவும் பையின் கிரவுண்டு இன்னொரு வழியாகவும் பேட்டரிக்குப் போகிறது. ஒலிக் கம்பியின் கிரவுண்டு இரண்டையும் மூன்றாவது வழியாகச் சேர்க்கிறது. ரேடியோ டிரான்ஸ்மிட் செய்யும்போது 6, 7 ஆம்பியர் ஓடும். அதில் ஒரு பங்கு உங்கள் மெல்லிய ஒலிக் கம்பியின் உறை வழியாகத் திரும்பப் பார்க்கும். அதுதான் இரைச்சல். நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்த நம்பகமான மருந்து 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர்தான். பழைய டயல்-அப் மோடம்களில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒன்று இருக்கும். பழைய சாமான் கடையில் செத்த மோடம்களாக வாங்கிப் பிரித்தெடுங்கள். உள்ளே வரும் ஒலிக்கு ஒன்று, வெளியே போகும் ஒலிக்கு ஒன்று. பிடிடிக்கும் சிஓஎஸ்ஸுக்கும் ஆப்டோகப்ளர். பைக்கான 5 வோல்ட் கன்வெர்ட்டரும் உள்ளீடும் வெளியீடும் பிரிந்த வகையாக இருக்கட்டும். சாதாரண கன்வெர்ட்டரில் கிரவுண்டு இரண்டு பக்கமும் ஒன்றே. கன்வெர்ட்டரையும் பையையும் உலோகப் பெட்டிக்குள் வைத்து, வெளியே வரும் ஒவ்வொரு கம்பியிலும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். டிரான்ஸ்மிட் ஆகும்போதெல்லாம் சவுண்டு கார்டு காணாமல் போய்த் திரும்பி வந்தால், யுஎஸ்பி கம்பி ஆண்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கம்பியைக் குட்டையாக்கி ஃபெரைட்டில் நாலு சுற்றுச் சுற்றுங்கள்.

ஒலியளவு வைப்பதில் காது போதாது. மூன்று ஊர் சேர்ந்தால் ஒவ்வோர் ஊரிலும் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ கடைசி ஊரில் கத்தலாகவோ முணுமுணுப்பாகவோ வந்து சேரும். டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை எவ்வளவு விலகுகிறது என்பது) மீட்டர் நம்மிடம் இருக்காது. ஆனால் கணினியில் மாட்டும் மலிவான ஆர்டிஎல் எஸ்டிஆர் ரிசீவர் டாங்கிள் இருந்தால் போதும், கணிதம் மீட்டரின் வேலையைச் செய்துவிடும். எஃப்எம்மில் டீவியேஷனை டோனின் அதிர்வெண்ணால் வகுத்தால் 2.405 வரும் இடத்தில் நடுவிலுள்ள கேரியர் முற்றிலும் மறைந்துவிடும். 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் வேண்டுமென்றால் 3000-ஐ 2.405-ஆல் வகுங்கள், 1247 ஹெர்ட்ஸ். சிடிசிஎஸ்எஸ்ஸை அணைத்துவிட்டு, டம்மி லோடில் (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் போலி ஆண்டெனா) ரேடியோவை வைத்து, பையிலிருந்து 1247 ஹெர்ட்ஸ் டோனை அனுப்புங்கள். டாங்கிளின் திரையில் நடுவில் ஒரு குச்சி, இரு பக்கமும் துணைக் குச்சிகள் தெரியும். ஒலியளவைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றினால் நடுக்குச்சி குட்டையாகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அந்த இடம் சரியாக 3 கிலோஹெர்ட்ஸ். முதல் தடவை நடுக்குச்சி மூழ்குவதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. புத்தகத்தில் படித்த பெஸல் சார்பு கண்ணெதிரே நடக்கிறது. அந்த அளவைக் குறித்து வைத்து மூன்று ஊரிலும் அதையே வையுங்கள்.

ஒலி மந்தமாகவோ கீச்சென்றோ இருந்தால் ப்ரீஎம்பசிஸ், அதாவது அனுப்பும் முன் உயர்சுருதியைத் தூக்கும் விவகாரம். மைக் பின்னில் கொடுத்தால் ரேடியோவே உயர்சுருதியைத் தூக்கும். 5-ஆம் பின்னில் கொடுத்தால் பைதான் தூக்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் நடக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மைக் பின்னையே பயன்படுத்துங்கள், பேச்சுக்கு அது போதும்.

இப்போது நம் பட்டைக்கே உரிய ஒரு பொறி. 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. நம் விஎச்எஃப் பட்டையின் மும்மடங்கு ஏறக்குறைய அப்படியே நம் யுஎச்எஃப் பட்டை மேல் வந்து விழுகிறது. உங்கள் ரிப்பீட்டர் 145.200-இல் பேசினால் அதன் மூன்றாம் ஹார்மோனிக் 435.600-இல் நிற்கும், டீவியேஷனும் மும்மடங்காகி அகன்று நிற்கும். கணக்குப் போடுங்கள். 10 வாட் என்பது 40 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் திறன்). ரேடியோ ஹார்மோனிக்கை 70 டெசிபல் அடக்குகிறது, ஆண்டெனாக்களுக்கு நடுவே இன்னொரு 40 குறைகிறது என்று வைத்தாலும் மைனஸ் 70 டிபிஎம் இணைப்பு ரிசீவரை அடையும். அந்த ரிசீவரோ மைனஸ் 118-லேயே கேட்கக்கூடியது. ஐம்பது டெசிபல் அருகில் மேலே நிற்கும் சிக்னல் அது. அதே அலைவரிசையில் இணைப்பு வைத்தால், ரிப்பீட்டர் பேசும்போதெல்லாம் இணைப்பு செவிடாகிவிடும். ஒரே ஆண்டெனாவில் கேட்கவும் பேசவும் வைக்கும் டூப்ளக்ஸர் வடிகட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் கால் அலை கேவிட்டி மூன்று மடங்கு அலைவரிசைக்கும் திறந்தேதான் இருக்கும். முதலில் ரிப்பீட்டர் அலைவரிசையை மூன்றால் பெருக்கிப் பார்த்து, இணைப்பை அங்கிருந்து தள்ளி வையுங்கள். பிறகு விஎச்எஃப் டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு லோ-பாஸ் ஃபில்ட்டர் போடுங்கள்.

டெல்டா சமதளம், அதனால் ரேடியோவுக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மலையில்லை என்பது சரி, உயரமும் இல்லையே. 30 மீட்டர் உயர ஆண்டெனாவின் ரேடியோ தொடுவானம் சுமார் 22 கிலோமீட்டர். இரு பக்கமும் 30 மீட்டர் இருந்தால் 45. நேர்க்கோட்டில் கும்பகோணம் முதல் மன்னார்குடி வரை சுமார் 33, மன்னார்குடி முதல் திருவாரூர் வரை சுமார் 24 கிலோமீட்டர். 5.8 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பாலம் போடலாமே என்று உங்களில் யாராவது கேட்பார்கள். திருவாரூர்ப் பாதையின் நடுவே பூமியின் வளைவு மட்டும் 8 மீட்டர். அலை செல்லத் தடையில்லாமல் விட வேண்டிய இடைவெளி இன்னொரு 10 மீட்டர். அதற்குக் கீழே 20 மீட்டர் தென்னை. 38 மீட்டருக்கு மேல் கோபுரம் இருந்தால்தான் அது உருப்படும். 435 மெகாஹெர்ட்ஸ் தோப்பின் தலையை உரசியும் வளைந்து கடந்துவிடும். 9 எலிமென்ட் யாகி இரண்டு பக்கமும் போதும். கல்லூரிக் கட்டிட மாடியோ மேல்நிலை நீர்த்தொட்டியோ கிடைத்தால் அதன் மேல் ஒரு பத்துப் பன்னிரண்டு மீட்டர் குழாய் நட்டுக்கொள்ளுங்கள். எர்த் குழி நம் வண்டல் களிமண்ணில் எளிதாகக் கிடைக்கும் வரம், அதைத் தவறவிடாதீர்கள்.

மன்னார்குடி நடுவில் இருப்பதால் அங்கே இணைப்பு ரேடியோ இரண்டு வேண்டும், இரண்டு வெவ்வேறு அலைவரிசையில். ஒரே அலைவரிசையில் ஒரே ரேடியோ வைத்தால், கும்பகோணத்தைக் கேட்கும்போது திருவாரூருக்குப் பேச முடியாது. ரிப்பீட்டருக்கும் சேர்த்து அந்தப் பையில் மூன்று சவுண்டு கார்டு வரும். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இரண்டிரண்டு. மூன்றாவது பை ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும்.

மின்சாரம். ஒரு நிலையத்தில் மூன்று ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருக்க ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல், பைக்கு 0.4, மொத்தம் 1.45 என்று வையுங்கள். நாளுக்கு 35 ஆம்பியர்-மணி. 10 வாட்டில் பேச 4 ஆம்பியர், நாளில் 15 சதவீத நேரம் பேச்சு என்றால் இன்னொரு 14. ஆக, நாளுக்கு ஏறக்குறைய 50. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுசு குறையும். மூன்று நாள் நிற்க 300 ஆம்பியர்-மணி வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி இரண்டு. சோலார் வையுங்கள், ஆனால் புயல் வாரத்தில் வெயிலை நம்ப வேண்டாம். ரேடியோவை 25 வாட்டில் ஓட்டாதீர்கள். வண்டிக்காகச் செய்த ரேடியோ அது, தொடர்ந்து பேசப் பிறந்ததல்ல. 10 வாட்டுக்குக் குறைத்து முதுகில் ஒரு சிறு ஃபேன் வையுங்கள்.

சாஃப்ட்வேர் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாக. ஆல்ஸ்டார்லிங்க், எஸ்விஎக்ஸ்லிங்க் இரண்டுமே இந்த வேலையைச் செய்யும், இரண்டும் இலவசம். ஆல்ஸ்டாரின் அடியில் இருப்பது ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருள். ஜிம் டிக்சன் என்ற அமெரிக்க ஹாம் அதற்குள் ரிப்பீட்டரைப் புகுத்தினார். எக்ஸ்சேஞ்ச்காரனான எனக்கு அதில் தனிப் பிரியம் உண்டு, அதையே சொல்வேன். ஹாம்கள் இணையம் வழியாகப் பேசும் எக்கோலிங்க் பழக்கமுள்ளவர்களுக்கு எஸ்விஎக்ஸ்லிங்க் எளிது. ஆல்ஸ்டாரில் 2000-க்குக் கீழுள்ள எண்கள் தனியார் முனைகளுக்கு. எங்கும் பதிவு செய்யாமலே ஒரே பையில் ரிப்பீட்டரையும் இணைப்பு ரேடியோக்களையும் அந்த எண்களில் முனைகளாக வைத்து நிரந்தரமாகக் கோத்துவிடலாம். கும்பகோணத்து இணைய வாசலுக்கு சிம் டாங்கிள் போட்டால், வெளியிலிருந்து வரும் அழைப்புகள் உள்ளே வராது. செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருவதே காரணம். அங்கிருந்து வெளியே அழைத்தால் இணையும். இல்லாவிட்டால் வயர்கார்டு விபிஎன் போடுங்கள். எஸ்டி கார்டை ஓவர்லே முறையில் படிக்க மட்டும் என்று அமையுங்கள், பை உறைந்தால் தானாகத் திரும்ப எழுப்பும் வாட்ச்டாக்கை இயக்குங்கள். என் பழைய கோபுரத்தில் நடந்தது உங்களுக்கு நடக்காது.

பை செத்தாலும் ரிப்பீட்டர் பேச வேண்டும் என்றேனே, அதற்கு ஒரு ரிலே. மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் தொடுப்புகள் வழியாக ரிசீவரின் ஒலியை டிரான்ஸ்மிட்டருக்கும், சிஓஎஸ்ஸை ஒரு சிறு டிரான்சிஸ்டர் வழியாக பிடிடிக்கும் நேராகக் கொடுங்கள். பை உயிரோடு இருக்கும்வரை ஒரு பின்னை விநாடிக்குப் பலமுறை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அந்தத் துடிப்பு ஒரு கெப்பாசிட்டர் வழியாகப் போய், இரண்டு டையோடில் நேராகி, ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். பை உறைந்து பின் மேலேயே நின்றாலும் கெப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தை விடாது; துடிப்பு நின்றதும் ரிலே விழும், ரிப்பீட்டர் தன் பாட்டுக்கு வேலை செய்யும். அந்த நேரத்துக்கு அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்ப ஒரு சிறு ஆர்டுயினோ வையுங்கள். ரேடியோவின் டைம்-அவுட் அப்போதும் காவல் இருக்கும்.

உரிமத்தை மறக்க வேண்டாம். உங்கள் தனிப்பட்ட ஹாம் லைசென்ஸ் ரிப்பீட்டருக்குப் பொருந்தாது. குழுவின் பெயரில், இடமும் அலைவரிசையும் குறித்து, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் அனுமதி வாங்குங்கள். இணைய இணைப்பு உண்டென்றால் அதையும் விண்ணப்பத்திலேயே மறைக்காமல் எழுதுங்கள். தாள் கைக்கு வரும்வரை எல்லாம் டம்மி லோடில்.

அந்தக் காத்திருப்பு நாட்கள் வீணல்ல. மூன்று நிலையத்தையும் ஒரே அறையில் வரிசையாக வைத்து, ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மன்னார்குடிப் பையின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். ரிலே 'டிக்' என்று விழுந்து பேச்சு தொடர்கிறதா, கும்பகோணமும் திருவாரூரும் தங்கள் அளவில் நிற்கின்றனவா பாருங்கள். கம்பியைத் திரும்ப மாட்டி, பை எழும் அந்த அரை நிமிடம் டிரான்ஸ்மிட் விளக்கின் மேலேயே கண் வையுங்கள். ஒரு தடவைகூட மின்னக் கூடாது. இதை இருபது முறை செய்து இருபது முறையும் சரியாக வந்தால் கோபுரத்துக்கு ஏற்றுங்கள். மின்னினால் விளக்கு எத்தனையாவது விநாடியில் எரிந்தது, பிடிடியை எந்தப் பின்னில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.